உதிரித் தாள் நான்கு

இந்த வாக்குமூலத்தை எழுத நீங்கள் கொடுத்த தாள்களில் இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து ஓரம் விட்டுக்கொண்டேன், ஐயா. பிற்பாடு கோப்பில் வைத்துத் தைக்கும்போது எழுத்து உள்ளே போய்விடக் கூடாது. நிறைய அலுவலகங்களில் இதைக் கவனிப்பதில்லை.

ஆவணக் காப்பறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பத்தொன்பது வருடம் நான்தான் காப்பாளர். மூன்று நீள அறைகள், இரும்பு அலமாரிகள், ஒரு மர ஏணி, பைண்டர் ஒருவர். சுற்றியுள்ள எல்லா அரசு அலுவலகங்களின் பழைய பதிவேடுகளும் எங்களிடம்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைப்புக் காலம் உண்டு. சிலது மூன்று வருடம், சிலது பத்து வருடம், சிலது எக்காலத்துக்கும். காலம் முடிந்ததைப் பட்டியல் போட்டு, இரண்டு பேர் கையெழுத்து வாங்கி, நறுக்கி, காகித ஆலைக்கு அனுப்புவோம். பைண்டர் எனக்கு 'கறார்' என்று பெயர் வைத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவருக்கு நினைப்பு. எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

நீங்கள் கேட்டது லாரி ஓட்டுநர் விஷயம். அதற்கு வருகிறேன்.

சோதனைச் சாவடிகளிலிருந்து பதிவேடுகள் கட்டிய புத்தகமாக வருவதில்லை. உதிரித் தாள்களாக, சாக்குப் பையில் வரும். தாளுக்குப் பக்க எண் கிடையாது, தேதியும் மூலையில் சின்னதாகச் சாவடி முத்திரையும் மட்டும்தான். அவற்றைச் சாவடிவாரியாக, மாதவாரியாக அடுக்கித் தைப்பது எங்கள் வேலை. நீங்கள் கேட்கும் அந்த வருடம் பைண்டர் மகளுடைய கல்யாணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். நானே தைத்தேன். ஆற்றுப்பாலச் சாவடியின் நான்கு தாள்கள், ஒரே நாளுக்கு உரியவை, மலையடிவாரச் சாவடியின் கட்டுக்குள் போய்விட்டன. இரண்டு சாவடியின் தாளும் ஒரே பச்சை. அப்போது எனக்கு அது தெரியாது.

அந்தத் தாள்களுக்கு உரிய நாளின் பிற்பகலில்தான் ஒரு கிடங்கு தீப்பற்றிக் காவலாளி இறந்துபோனார். முதலாளியோடு தகராறு செய்திருந்த ஒரு லாரி ஓட்டுநரைப் பிடித்தார்கள். அந்த நேரத்தில் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுப்பாலச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். சாவடியில் அன்று இருந்தவர் தற்காலிக ஊழியர். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே நீதிமன்றம் பதிவேட்டைக் கேட்டது. நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தேதிக்குத் தாள் இல்லை.

வழக்கறிஞர் காரணம் கேட்டார். "அன்று சாவடி மூடியிருந்திருக்க வேண்டும், மழைக்காலத்தில் அப்படி மூடுவதுண்டு" என்றேன். தாள் ஏதாவது தவறியிருக்குமா என்று கேட்டார். எங்கள் காப்பறையில் அப்படி நடப்பதில்லை என்றேன். அன்று வரை நடந்ததும் இல்லை. தீர்ப்பில் நீதிபதி என்னைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறார்: காப்பாளரின் சாட்சியம் தெளிவாகவும் நம்பத்தகுந்ததாகவும் இருந்தது என்று. அந்தப் பக்கத்தின் நகலை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஓட்டுநருக்கு ஆயுள் தண்டனை.

கிடங்கு எரிந்து ஏழு வருடம் கழித்து, மலையடிவாரக் கட்டில் கரையான் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தபோது அந்த நான்கு தாளும் கிடைத்தன. இரண்டாவது தாளில், ஏழாவது வரி. வாகன எண், பிற்பகல் இரண்டு நாற்பது, ஓட்டுநர் கையெழுத்து. ஏணியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். ஒரு தாளை இடம் மாற்றித் தைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"எடுத்து அது இருக்க வேண்டிய இடத்துல வெச்சுடுங்க. இதுக்குப் போயா சோத்த ஒதுக்கறீங்க?" என்றாள்.

அவளுக்கு அலுவலக நடைமுறை தெரியாது. என் சாட்சியத்தை நம்பி நாற்பது வழக்குகளுக்கு மேல் முடிந்திருக்கின்றன. ஒன்று பிசகு என்று தெரிந்தால் நாற்பதையும் தோண்டுவார்கள். ஒரு காப்பறையின் மேல் உள்ள நம்பிக்கை ஒரு நாளில் வருவதில்லை. ஒரு மனிதருக்காக அதைக் குலைப்பது நியாயமா என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அந்த வருடம்தான் துறையில் பிழையற்ற காப்பறை என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். பைண்டர் அதைத் தினமும் துடைத்து வைப்பார்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்கே அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அறையில் யாரும் இல்லை. நான் அப்படிச் செய்யவில்லை. சாவடிப் பதிவேட்டின் வைப்புக் காலம் பத்து வருடம். மூன்று வருடம் பாக்கி இருந்தது. மூன்று வருடமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைக் காப்பாற்றினேன். ஒரு மழையில் மூன்றாவது அறை ஒழுகியபோது முதலில் அந்தக் கட்டைத்தான் தூக்கி மேல் தட்டில் வைத்தேன்.

ஓட்டுநருக்கு ஓர் அக்கா. தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிடுவார். தண்டனை வந்ததிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் படி ஏறி இறங்கினார்.

"எந்தம்பி பொய் சொல்ல மாட்டான் சார். கையெழுத்துப் போட்டேங்கறான். இன்னொரு தடவ பாருங்களேன்" என்பார்.

அவருக்கு நாற்காலி போடச் சொல்லுவேன். ஆற்றுப்பாலக் கட்டை எடுத்து வந்து அவர் கண் முன்னாலேயே தாள் தாளாகப் புரட்டிக் காட்டுவேன். அதில் இருக்காது. நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவர் கேட்டது அந்தக் கட்டைத்தான்.

பத்தாவது வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது யாரோ விவரம் சொல்லிக்கொடுத்து, எழுத்து மூலமாக மனு கொண்டுவந்தார். எல்லாச் சாவடிக் கட்டுகளையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று. மனுவை நான் வாங்கி எண் போட்டுவிட்டால், அதற்குப் பதில் சொல்லும் வரைக்கும் எந்தக் கட்டையும் அழிக்க முடியாது. விதி அப்படி. மனுவைப் படித்தேன். உறவுச் சான்று இணைக்கப்படவில்லை.

"உடன்பிறந்தவர்னு ஒரு சான்று வேணும்மா. அது இல்லாம வாங்க முடியாது."

"பத்து வருஷமா என்னப் பாக்கறீங்களே சார்."

"எனக்குத் தெரியும்மா. கோப்புக்குத் தெரியணுமில்ல?"

சிரித்துக்கொண்டேதான் போனார். சான்று வாங்கி வர அவருக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. எட்டாம் நாள் காலக்கெடு முடிந்தது. ஒன்பதாம் நாள் அழிப்புப் பட்டியலில் இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். படித்துப் பார்க்கவில்லை, யாரும் படிப்பதில்லை. அன்று பிற்பகலே இயந்திரத்தில் நறுக்கினோம். பன்னிரண்டாம் நாள் மனுவை வாங்கிக்கொண்டு, அன்றே பதில் கொடுத்தேன்: கோரிய பதிவேடுகள் வைப்புக் காலம் முடிந்து விதிப்படி அழிக்கப்பட்டன. ஒரே நாளில் பதில் கிடைத்ததற்கு அந்த அம்மா நன்றி சொன்னார். எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அவர் வரவில்லை. வராமல் இருந்தது என்னவோபோல் இருந்தது. பிறகு ஒரு நாள் வந்தார், கழுத்தில் நாடா இல்லாமல். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போன மாசம் போயிட்டான் சார். ஜெயில் ஆஸ்பத்திரியில."

நாற்காலி போடச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"நாங்க துணிய வெட்டறதுக்கு முன்னாடி அளவ நோட்டுல எழுதிக்குவோம் சார். வெட்டினப்புறம் எதுவும் தெரியாதில்ல? நீங்களும் எழுதி வெச்சிருப்பீங்கதானே?"

முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அழிப்புப் பட்டியலைக் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே வெளியாள் யாருக்கும் தெரியாது. ஆனால் அது எக்காலத்துக்கும் வைக்க வேண்டிய ஆவணம். கேட்டால் கொடுக்க வேண்டும். நகல் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைத்து, கையெழுத்திட்டு நானே கொடுத்தேன். மலையடிவாரக் கட்டுக்கு நேரே என் கையெழுத்திலேயே இருந்தது: 'உதிரித் தாள் நான்கு, ஆற்றுப்பாலச் சாவடிக்கு உரியவை.' பிறகு தேதி, வாகன எண், பிற்பகல் இரண்டு நாற்பது, ஓட்டுநர் கையெழுத்து உள்ளது. அவர் நின்றபடியே படித்தார். விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

மனுவைத் திருப்பியது, காலக்கெடுவைக் கணக்குப் போட்டது, தாள்களை இயந்திரத்தில் வைத்தது எல்லாம் நான்தான். பைண்டருக்கும் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

நேற்று விசாரணையின்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "அந்த நாலு தாளப் பட்டியல்ல எழுதாம விட்டிருந்தா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே, அப்புறம் ஏன் எழுதினீங்க?" என்று. கேள்வி எனக்குப் புரியவில்லை என்றேன். ராத்திரி முழுக்க யோசித்தும் புரியவில்லை. பட்டியலில் எழுதாமல் ஓர் அரசு ஆவணத்தை அழிப்பது குற்றம், ஐயா. அப்படிப்பட்ட காரியம் எதையும் நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.