புரட்டாசிக் கூட்டத்தொடர்

அட இருங்க சார், கதவத் தட்டாதீக. உள்ள ஆளுக இருக்காக. லோடு வண்டிக்காரர எஞ்சின நிப்பாட்டச் சொல்லுங்க, அந்தச் சத்தத்துல உள்ள பேசுறது ஒருத்தருக்கும் கேக்காது. ஆமா, நான்தேன் முருகலட்சுமி, இந்த நூலகத்தப் பாத்துக்கிறவ. வருஷச் சோதனைக்கு நீங்க வாரீகன்னு தெரியும். புத்தகத்த அள்ளிட்டுப் போக வண்டியோட வருவீகன்னு ஆரு கண்டா? இப்படிப் பெஞ்சுல உக்காருங்க. சோலை, சாருக்கு ஒரு டீ போடு, சீனி கொறச்சு.

என்னாது, ஆரும் படிக்காத புத்தகமா? ஆரு சார் சொன்னா ஒங்களுக்கு? எங்க ஊருல ஒருத்தர் எம்.எல்.ஏ.வா இருந்தாரு. மகராசன் செத்ததும் வீட்டுல கெடந்த சட்டசபைப் பேச்சுப் புத்தகம் அம்புட்டையும் இங்க கொண்டாந்து எறக்கிட்டாக. ஒவ்வொண்ணும் தலகாணி மொத்தம். மொதல்ல எனக்கும் எரிச்சல்தேன். கதப் புத்தகம் கேட்டு வர்ற பிள்ளைகளுக்கு நீர்ப்பாசன மானியக் கோரிக்கையவா குடுக்க முடியும்? கரையான் தின்னாத் தின்னுட்டுப் போகுதுன்னு மூலையில அடுக்குனேன். கரையானே சீண்டல சார்.

அதப் படிக்க வச்சது ஒரு ஆடு. சிரிக்காதீக, நெசமாத்தேன். இருளப்பசாமி ஆடு அழகுராஜாவோட மல்லிக்காட்டுல பூந்துருச்சு. ரெண்டு பேரும் நூலக வாசல்ல நின்னு ஒருத்தன் ஆத்தாள ஒருத்தன் இழுத்து வையிறானுக. உள்ள பிள்ளைக உக்காந்து படிக்குது. எனக்கு வந்துச்சே கோவம்! கையில ஆப்புட்ட புத்தகத்தத் தூக்கிட்டு வந்து, ஏலே, சண்ட போடுறதுன்னா இப்படிப் போடணும்னு சத்தமா வாசிச்சேன். மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் உண்மைக்குப் புறம்பான தகவலை இந்த அவையிலே தெரிவிப்பது வருத்தத்துக்குரியது, அப்படின்னு இருந்துச்சு. இருளப்பசாமி வாயப் பொளந்துட்டான். பொய் சொல்றடா நாயேங்குறத இப்படியும் சொல்லலாமாக்கான்னு கேட்டான். சொல்லித்தேன் பாரேன்னேன். சொன்னான். அழகுராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. சிரிச்சவன் எங்கிட்டு சார் அருவாளத் தூக்குறது?

அன்னைக்குப் பிடிச்ச பழக்கம். எங்களுது மானம் பாத்த பூமி. புரட்டாசியில உழவு போடறப்பத்தேன் வரப்புச் சண்ட பூராம் கெளம்பும். அவன் ஒரு சாண் வெட்டிட்டான், இவன் எல்லைக்கல்ல நகட்டிட்டான்னு. இப்ப எல்லாம் இங்கதேன் வருது. புரட்டாசி பொறந்தா எங்களுக்குக் கூட்டத்தொடர். நான்தேன் சபாநாயகர். பேசுறதுக்கு முன்னாடி புத்தகத்துல ஒரு பக்கம் வாசிச்சு நாக்கப் பழக்கிக்கிறணும். எதிராளிய மாண்புமிகுன்னு கூப்பிடாம வாயத் தொறக்கப்படாது. கெட்ட வார்த்த வந்தா அவைக்குறிப்புல இருந்து நீக்கம்.

அந்த நீக்கத்துலதேன் ஒரு தடவ நான் சிக்குனேன். சங்கரம்மாள் மதினி கொழுந்தனார ஒரு வார்த்த வஞ்சுருச்சு. உங்க முன்னால அதச் சொல்ல மாட்டேன். நீக்குறேன்னேன். எத நீக்குற, நான் மொத சொன்னதையா, கடைசியாச் சொன்னதையான்னு கேட்டுச்சு. மொத சொன்னத. எது, இதுவான்னு மறுபடி நிறுத்தி நிதானமாச் சொல்லுச்சு. அதையும் நீக்குறேன். அப்ப இதுவும் நீக்கமான்னு இன்னொரு மட்டம். கொழுந்தனார் எந்திருச்சு, தாயி, தயவுசெஞ்சு நீக்காத, நீக்க நீக்கக் கூடுதுன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

வெளிநடப்பா? அது இல்லாமயா! வெளிநடப்பு செஞ்சவுக நேரா இந்தப் பெஞ்சுக்குத்தேன் வருவாக. டீயக் குடிச்சிட்டுத் திரும்ப உள்ள போயிருவாக. கோவம் ஆறுதோ இல்லையோ, சோலைக்கு யாவாரம். ஒரே ஒரு வால்யூம் மட்டும் எங்க வீட்டுப் பீரோ மேல கெடக்கு, சொல்லிப்புடுறேன். அதுல பக்கத்துக்குப் பக்கம் கூச்சல், குழப்பம்னு அச்சடிச்சிருக்கு. அழகுராஜா அதக் கண்டுபிடிச்சிட்டான். முன்னுதாரணம் இருக்கு சபாநாயகரேன்னு நாற்காலியத் தூக்கிட்டான் பாவிப்பய.

புத்தகம் இல்லாமயே பேசச் சொல்றீகளா? பாத்தாச்சு சார். போன வருஷம் வெள்ளையடிக்க எல்லாத்தையும் சாக்குல கட்டி வச்சிருந்தோம். ஒருத்தனுக்கும் மாண்புமிகு வாயில வரல, வெக்கம். வெறும் கையோட நின்னு எதிராளிக்கு மருவாதி குடுக்க எவனுக்கு மனசு வரும்? புத்தகம் கையில இருந்தா, நானாச் சொன்னேன், புத்தகத்துல இருக்கு, வாசிக்கேன்னு வீராப்புக் கெடாமச் சொல்லிருவானுக. விருதுநகர் பெரிய நூலகத்துக்குக் கொண்டு போனா ஆராய்ச்சிக்காரவுக படிப்பாகளாக்கும்? நல்லாப் படிக்கட்டும். அவுகளுக்கு வரப்பு இருக்கா, கொழுந்தன் இருக்கா?

எங்க எந்திரிக்கிறீக? உக்காருங்க சார், டீ ஆறுது. சபாநாயகர் வெளிய நின்னா உள்ள எப்படி நடக்கும்னா கேக்குறீக? இன்னைக்கு ஜமால் மைதீன் அண்ணன் நாற்காலியில இருக்காக, மளிகைக் கடைய அடைச்சிட்டு வந்துருக்காக. நான் உக்காரப்படாது. சொந்தக்காரவுக வழக்கு.

என்னா வழக்கா? பங்குக் கெணத்துல மோட்டாரு போட்டது. அதெல்லாம் ஒரு சாக்கு சார். ஒருத்தர் எங்கண்ணன் பாண்டீஸ்வரன். இன்னொருத்தர் என் வீட்டுக்காரரு. எங்கய்யா செத்த அன்னைக்கு வாசல்ல வச்சு ரெண்டு பேருக்கும் வாய் தடிச்சுப் போச்சு. அப்ப விட்ட பேச்சுத்தேன். எங்கண்ணன் வாயில இவரு பேரே வராது. அந்த ஆளு, அந்த ஆளுதேன். வர்ற தையில எம் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாம எம் பிள்ள எப்படி மணவறை ஏறும்? கூப்பிடப் போனா, அந்த ஆளு வந்து கூப்பிடட்டும்னு சொல்லிருச்சு. இவரு அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேங்காரு. எனக்கு ரெண்டு பேரும் வேணுமே சார், நான் எங்கிட்டுப் போக? பேசி முடிக்கட்டும். அப்பறம் நீங்க அம்புட்டையும் ஏத்துங்க, நானே தூக்கி விடுறேன்.

இந்தா, இந்தா, இப்பப் பேசுறது எங்கண்ணன். கேட்டுச்சா? மாண்புமிகு உறுப்பினர் மாப்ள அவர்களேங்குது.

மாண்புமிகு உறுப்பினர் புத்தகத்துல இருக்கு சார். மாப்ள அதுல இல்ல.