வேட்டிக்கு அந்தப் பக்கம் விழுந்த விதானையார்

வாவிக்கரை மக்களை வயிறு குலுங்க வைத்த வல்லவரே! சித்தாண்டி தந்த சிரிப்புச் செல்வரே! எழுதியும் இயக்கியும் பதினேழு ஆண்டுகள் எங்களைப் பாடாய்ப் படுத்திய பெருந்தகையே! வினாயகமூர்த்தி ஐயா, வணக்கம்.

தங்கள் நற்குணங்களை வரிசையாக எழுதத் தொடங்கினோம். நாலாவதிலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே இந்த அவை அறிய ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு. கொழும்பு வானொலியில் வினாயகமூர்த்தியாரின் முதல் நகைச்சுவை நாடகம். கூத்துக் களரியில் பேர் பெற்ற கோணாமலை, வயல் பார்க்கப் போய்ச் சேற்றில் வழுக்கும் வயல் அதிகாரியான வட்டை விதானையாராக நடித்தார். கண்ணை உருட்டினார், கையை வீசினார், ஒலிவாங்கியின் முன்னே ஓசையே இல்லாமல் அழகாக விழுந்தார். அறையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு இரண்டு நிமிடம் வெறும் மௌனம்.

திரும்பி வந்தவர்களை, எல்லோருக்கும் அண்ணன் முறையான ஏறாவூர்த் துணிக்கடை முத்தலிப் காக்கா மறித்தார்.

"என்ன வினாயகமூர்த்தி, உங்கட நாடகத்தால என்ட ரேடியோப் பெட்டிக்கு ரெண்டு அடி விழுந்திச்சு! செத்துப் போச்செண்டு நினைச்சன்."

"அப்பதான் காக்கா நான் விழுந்தன்," என்றார் கோணாமலை.

"விழுந்தியா? இஞ்ச ஆருக்குத் தெரியும்!"

வினாயகமூர்த்தியாரின் முகம் சுண்டிப்போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அந்த நேரத்துக்கு இசைத்தட்டுப் போடுவோம் என்று நிலையத்தார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மிஞ்சியது ஒரே நாடகம்; அதற்கும் இரண்டு வாரமே இருந்தது. தாம் எழுதியதில் சிரிப்பே இல்லையோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. பிறகுதான் பிழை பிடிபட்டது: ஒத்திகை முழுவதும் அவர் கோணாமலையைப் பார்த்துக்கொண்டல்லவா இருந்தார்!

மறுநாள் தன்னாமுனை ஒத்திகைக் கொட்டிலில் தம் வேட்டியொன்றைக் குறுக்கே கட்டினார். நடிகர்கள் அந்தப் பக்கம். அவர் இந்தப் பக்கம்.

"கோணாமலை, விழுந்திட்டியா?"

"ஓம் ஐயா, விழுந்துதான் கிடக்கன்."

"எனக்கு நீ விழல்ல. எழும்பி மறுகா விழு."

பதினொரு தடவை விழுந்தார். பன்னிரண்டாவது தடவைக்கு நடிகை புஸ்பம் வாவிச் சேற்றை வாளியில் அள்ளி வந்து, ஈரச் சாக்கால் அதில் ஓங்கி அடித்தார். "ஐயோ, என்ட புதுச் சால்வை!" என்று கோணாமலை அலறினார். வேட்டியெல்லாம் சேறு தெறித்தது. இந்தப் பக்கத்திலிருந்து முதன்முதலாக ஒரு சிரிப்புக் கேட்டது.

அடுத்த ஒலிபரப்பு முடிந்து வந்தபோது முத்தலிப் காக்கா கடைவாசலில் காத்து நின்றார். "விதானையார் விழக்குள்ள கடையில இருந்த சனமெல்லாம் காலைத் தூக்கிட்டுது, சேறு படுமெண்டு!"

ஐயா! அன்று முதல் அந்த வேட்டி நம் நடுவே தொங்கியது. எங்கள் நாடகங்களுக்குத் தாங்கள் சிரித்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம், கண்டதில்லை. தாங்கள் ஓய்வு பெற்று விடைபெறும் இன்று அதை அவிழ்த்துவிட்டோம். பொன்னாடைக்குப் பதிலாக, சேற்றுக் கறையோடு அதையே தங்கள் தோளில் போர்த்துகிறோம். எங்கே ஐயா, ஒரு தடவை சிரியுங்கள், பார்த்துக்கொள்கிறோம்.

நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ்ந்து, முத்தலிப் காக்காவின் கடையிலிருந்து எங்களைக் கேளுங்கள். நாங்கள் சரியாக விழவில்லை என்றால் ஒரு கடிதம் போடுங்கள். எழும்பி மறுகா விழுகிறோம்.

தன்னாமுனை, 1949
கோணாமலை, புஸ்பம் முதலாய
தங்கள் நாடகக் குழுவினர்