என் பெயரில் வேலைக்குப் போன தரணி

சித்தூர் மாவட்டம், நகரி மண்டலம், ஏரிக்கரைப் புதுக்காலனி, கதவு எண் 2-41-இல் வசிக்கும் ஏகாம்பரம் என்பவரின் மகள் பிரேமலதா, வயது 21, இந்து, இன்டர் (பிளஸ் டூ) பாஸ், கூலி வேலை, 4-3-2024 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு நாயுடுபேட்டை போலீஸ் ஸ்டேஷனுக்குத் தன் தாயாருடன் தானாகவே வந்து, எஸ்.ஐ. வெங்கடரமணன் முன்னிலையில் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் ரங்கையா எழுதிக்கொண்ட வாக்குமூலம்:

நான் மேற்படி விலாசத்தில் என் நைனா ஏகாம்பரம், அம்மா சுந்தரம்மா ஆகியோருடன் இருக்கிறேன். நைனா மாம்பழ சீசனில் பழக்கூழ் ஃபேக்டரியில் லோடு இறக்குவார், மற்ற மாதங்களில் கரும்பு வெட்டப் போவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். அவர்களுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். நான் மூத்தவள். இளையவள் தரணி, பிறந்த தேதி 12-4-2007. சென்ற வருடம் அக்டோபர் 11-ஆம் தேதி நாயுடுபேட்டை பக்கத்தில் நடந்த பஸ் விபத்தில் பிரேமலதா என்ற பெண் இறந்துபோனதாக இந்த ஸ்டேஷனில் வழக்கு பதிவாகி இருக்கிறது. அந்தப் பிரேமலதா நான்தான். நான் சாகவில்லை. இறந்தது என் தங்கை தரணி. அது எப்படி நடந்தது என்பதை முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு டச் போன்தான் உண்டு. சென்ற வருடம் மே மாதம் தரணி பத்தாம் வகுப்பு பாஸாகி வீட்டில் இருந்தபோது அந்த போனில் ஒரு வீடியோ வந்தது. செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருப்பதியில் இருக்கும் ஒரு வேலை ஏஜென்சி போட்ட வீடியோ அது. நீல யூனிபார்மும் தலையில் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒரு பெண் நடந்துகொண்டே கேன்டீனைக் காட்டுவாள், ஹாஸ்டல் கட்டிலைக் காட்டுவாள், ஏசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கையை ஆட்டுவாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், இன்டர் அல்லது ஐடிஐ படித்திருக்க வேண்டும், நேரில் வர வேண்டியதில்லை, வீடியோ காலிலேயே இன்டர்வியூ என்று சொன்னாள். தரணி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அந்தப் பெண் பேசுவதுபோலவே பேசிக் காட்டுவாள். பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டுவாள். அம்மா சிரிப்பார்.

அதன் பிறகு தரணி என்னைக் கேட்காமலேயே வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்கைத் திறந்து என் பெயர், என் மார்க், என் ஆதார் நம்பர் எல்லாம் போட்டு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அந்த ஏஜென்சியில் இருந்து கிஷோர் என்பவர் மெசேஜ் அனுப்பி, மாலை ஐந்து மணிக்கு வீடியோ கால் வரும் என்றார். எங்கள் காலனியில் வாட்டர் டேங்க் படிக்கட்டில்தான் சிக்னல் சரியாக இருக்கும். அங்கே போய் நான் உட்கார்ந்தேன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது, தெலுங்கும் தடுமாறும். தரணிக்கு இரண்டும் நன்றாக வரும். "நீ வாயத் தொறந்தா போதும்க்கா, நான் எழுதிக் காட்டிக்கினே இருக்கறேன்" என்று சொல்லி, போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பதில்களைப் பெரிதாக எழுதி போனுக்கு மேலே காட்டினாள். நான் அதைப் பார்த்துப் பேசினேன். கிஷோர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் விரித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டச் சொன்னார். நான் காட்டினேன். அவர் தரணியைப் பார்க்கவில்லை. மொத்தம் ஆறு நிமிடம்தான். ஜூன் மாதம் எனக்கு வேலை கிடைத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது.

இதற்கு நடுவில் சத்தியவேடு பக்கத்தில் இருந்து ஜெயச்சந்திரன் என்ற மாப்பிள்ளைக்கு என்னைப் பெண் கேட்டு வந்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகி இருந்தது. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். நைனா ஆர்டரை விட்டுவிடலாம் என்றார். அப்போதுதான் தரணி, உன் பெயரில் நான் போகிறேன் என்று சொன்னாள். என் ஆதார் கார்டில் இருக்கும் போட்டோ எனக்குப் பதினைந்து வயதில் எடுத்தது. இப்போது தரணி அப்படியே அதுபோல் இருந்தாள். பதினெட்டு முடியும்வரை அங்கே இருந்துவிட்டு, அதன் பிறகு தன் பெயரிலேயே வேறு கம்பெனியில் சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். அம்மா இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது நாள் சரி என்றார்.

நீ தடுத்தாயா என்று எஸ்.ஐ. கேட்டதற்குச் சொல்கிறேன். நான் தடுக்கவில்லை. தெரியாத ஊரில் போய் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் போகிறேன் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லி நான் கேட்டுக்கொண்டேன்.

3-7-2023 அன்று காலை நைனா அவளை ரயிலில் திருப்பதிக்கு அழைத்துப் போனார். நான் போகவில்லை. என் கார்டும் இன்டர் மார்க் ஷீட்டும் அவள் பையில் இருந்தன. ஏஜென்சி ஆபீஸில் கிஷோர் கார்டையும் அவள் முகத்தையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வீடியோவில் பேசியது நீதானா என்று கேட்டதாகவும், நான்தான் சார் என்று தரணி தெலுங்கில் சொன்னதாகவும், அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்றும் நைனா வீட்டுக்கு வந்து சொன்னார். கைரேகை எடுக்கவில்லை. கார்டின் ஜெராக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே புதிதாகச் சேர்ந்த பெண்களை வேனில் ஏற்றிக் கம்பெனி ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதன் பிறகு அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் ரூம்மேட்டின் போனில் இருந்து பேசுவாள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை என்றும், திருகாணிகள் கடுகைவிடச் சின்னதாக இருக்கும் என்றும், காலில் நீர் கட்டிக்கொள்கிறது என்றும் சொன்னாள். வீடியோவில் பார்த்த பெண்ணைத் தேடியதாகவும், அவள் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டதாக மற்றவர்கள் சொன்னதாகவும் சொன்னாள். வந்துவிடு என்று அம்மா சொன்னதற்கு, இல்லை, பழகிவிட்டது என்றாள். ஹாஸ்டலில் எல்லோரும் அவளை லதா என்று கூப்பிடுவார்களாம். ஒருநாள் என்னிடம், "அக்கா, இப்போ தரணின்னு யாராவது கூப்ட்டாகூட நான் திரும்பறதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

11-10-2023 புதன்கிழமை மதியம் இரண்டரை மணி இருக்கும். நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் அவசரத்துக்கு என்று எங்கள் வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். அந்த நம்பருக்கு போன் வந்து, கம்பெனியில் இருந்து ஒரு பெண்மணி தெலுங்கில் பேசினார். பிரேமலதாவுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். அக்கா என்று சொன்னேன். மதிய ஷிப்டுக்கு வந்த பஸ் ஹைவேயில் நின்றிருந்த லாரி மேல் மோதிவிட்டது, பெரியவர்கள் யாராவது உடனே வாருங்கள் என்று சொன்னார். பிரேமலதா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். என் பெயரைச் சொல்லி நானே அப்படிக் கேட்டேன். அவர், பிரேமலதா போய்விட்டாள் அம்மா என்றார். அம்மா அப்போது வேலையில் இருந்து வரவில்லை. நான் ஓடிப்போய்க் கரும்புத் தோட்டத்தில் இருந்த நைனாவிடம், கம்பெனியில் சொன்னபடியே சொன்னேன். அவர் எந்தப் பிரேமலதா என்று கேட்டார்.

நைனாவும் எங்கள் தெரு திருமலை அண்ணனும் புறப்பட்டுப் போனார்கள். நானும் போகச் செருப்பு போட்டுக்கொண்டேன். அதற்குள் கிஷோர் போன் செய்து, பெரிய பெண்ணை மட்டும் அழைத்து வரவேண்டாம் என்று நைனாவிடம் சொன்னார். ஆள் மாறியது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் நடந்தது நைனாவும் திருமலை அண்ணனும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாக் காகிதத்திலும் பிரேமலதா என்றுதான் இருக்கிறது, இப்போது பெயரை மாற்றிச் சொன்னால் உடலைத் தரமாட்டார்கள், வயது குறைந்த பிள்ளையைப் பொய் சொல்லி அனுப்பியதற்கு உங்கள் மேலேயே கேஸ் வரும் என்று கிஷோர் நைனாவிடம் சொன்னாராம். நைனா உள்ளே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, இது என் மகள் பிரேமலதாதான் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. முகத்தில் அடி இல்லை. இடது மணிக்கட்டில் ஒரு அட்டை கட்டியிருந்தார்கள், அதில் தெலுங்கில் என் பெயரும் வயதும் எழுதியிருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அது என்ன என்று கேட்டார். ஆஸ்பத்திரி நம்பர் என்று சொல்லிவிட்டு, குளிப்பாட்டும்போது நானே அந்த நூலை அறுத்து எடுத்துக்கொண்டேன். காலனியில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தரணி படத்தையும் தரணி பெயரையும்தான் போட்டார்கள். மதியம் அடக்கம் செய்தோம். நான் எடுத்து வைத்திருந்த அந்த அட்டையை இன்று எஸ்.ஐ. அவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அதன் பிறகு கிராம ஆபீஸான சச்சிவாலயத்தில் பிரேமலதா இறந்ததாகப் பதிவானது. ரேஷன் வாங்கும் ரைஸ் கார்டில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். தரணி பெயர் அப்படியே இருக்கிறது. மாதாமாதம் அவளுக்கு உண்டான ஐந்து கிலோ அரிசி வந்துகொண்டிருக்கிறது. தரணி பெயரை இன்னும் எடுக்கவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தோம். அம்மா அதை உலையில் போடுவதில்லை, ஒரு பையில் தனியாகக் கட்டி வைக்கிறார், நான்கு பை சேர்ந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் துக்கம் கழியட்டும் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வரவில்லை, வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. நைனா அந்தக் கையெழுத்துப் போட்டதில் இருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுவார்.

சென்ற மாதம் 26-ஆம் தேதி கம்பெனி சார்பில் ஒருவரும் கிஷோரும் நஷ்ட ஈட்டுக் காகிதங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் மகள் பிரேமலதா இறந்துவிட்டாள், எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்ததை கிஷோர் படித்துக் காட்டி, அம்மாவின் கட்டை விரலில் மை தடவினார். அப்போது நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அதுவரை சாவுக் காகிதங்களில் யார் பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: "நின்னுக்கினு இருக்கற புள்ளைய செத்துட்டான்னு நான் எப்பிடி ரேகை வெப்பேன். நான் பொதைச்ச புள்ளைக்கி யாரு வெப்பாங்க."

நைனா வெளியே போய்விட்டார். வந்தவர்கள் அரை மணி நேரம் எடுத்துச் சொல்லியும் அம்மா ரேகை வைக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம், தரணி செத்தாள் என்று கவர்ன்மென்டில் எழுதவேண்டும், அதற்கு எங்கே போகவேண்டும் என்று கேட்டார். அதனால்தான் இன்று நாங்கள் இருவரும் வந்திருக்கிறோம். நைனாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். பஸ் செலவுக்குச் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

இதைச் சொல்வதால் என் மேலும் நைனா மேலும் வழக்கு வரலாம் என்று எஸ்.ஐ. அவர்கள் எனக்கு விளக்கிச் சொன்னார். புரிந்துகொண்டுதான் சொல்கிறேன். என் கார்டை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். நைனா பிள்ளையின் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்காகத்தான் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு எஸ்.ஐ. அவர்கள், ஏஜென்சியின் பேஜில் இருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு வீடியோவைத் தம் போனில் எனக்குப் போட்டுக் காட்டினார். இதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் வரிசையாக நின்று, ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் சொல்லி, எனக்கு வேலை கிடைத்துவிட்டது, நீங்களும் வாருங்கள் என்று சொல்கிறார்கள். சேர்ந்த அன்று திருப்பதி ஆபீஸில் எடுத்ததாக இருக்கவேண்டும், ஏனென்றால் நான்காவதாக நிற்கும் பெண் அன்று காலை தரணி போட்டுக்கொண்டு போன என்னுடைய பச்சை சுடிதாரைப் போட்டிருக்கிறாள். அவள் என் தங்கை தரணி. "நா பேரு த" என்று தெலுங்கில் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்துகிறாள், பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாள், பிறகு நேராக நின்று பிரேமலதா என்கிறாள். இரண்டாவது முறை போட்டுக் காட்டியபோதும் அப்படித்தான் இருந்தது. வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா குரலைக் கேட்டு உள்ளே எழுந்து வந்தார். அவரும் பார்த்து, இது என் சின்ன மகள் என்று சொன்னார்.

அந்த முகம் தரணியுடையது, குரல் தரணியுடையது, அவள் சொல்லும் பெயர் மட்டும் என்னுடையது. அந்த விபத்தில் இறந்தவள் பெயர் தரணி, த/பெ ஏகாம்பரம், இறந்தபோது வயது பதினாறு என்று திருத்தி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை ரங்கையா அவர்கள் எனக்கும் என் தாயாருக்கும் வாசித்துக் காட்டினார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, யார் சொல்லியும் சொல்லவில்லை. இவை அத்தனையும் எனக்குத் தெரிந்தவரை உண்மை. கீழே உள்ள கையெழுத்து உயிரோடு இருக்கும் பிரேமலதாவாகிய நான் என் கையால் போட்டது.

(ஒப்பம்) ஏ. பிரேமலதா

சாட்சி: சுந்தரம்மா, இறந்த தரணியின் தாய். இடது கைப் பெருவிரல் ரேகை.