அவசியம் வூட்டுக்கு வாங்க

கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். கதவுப் பக்கம் யாரும் உட்காராதீர்கள்…

பொழுது சாயும் மஃரிபு தொழுகை நேரம். ஓமனில், மலைக்கு நடுவே ஒரு மண் ரோடு. காரில் வாசிம் மட்டும். என் கூட்டாளி உசாமாவின் மச்சான், லெப்பைக்குடிகாட்டுக்காரன். மகள் அஃப்ஷான் பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கிப் பார்த்ததில்லை. போனில் பார்ப்பதெல்லாம் பார்ப்பதா? லீவு நாளில் மனசு ஆறக் கேமராவோடு கிளம்பிவிடுவான்.

ரோடு முடிந்த இடத்தில் கடல் மலைக்குள் புகுந்து குளம்போல் நின்றது. பச்சைத் தண்ணீர். ஆள் இல்லை, படகு இல்லை, ஒரு பறவைகூட இல்லை… கிளிக், கிளிக் என்று எடுத்துக்கொண்டே போனான்.

"எந்த ஊரு தம்பி?"

பின்னால் பாறைமேல் ஒருவர். இடுப்பில் ஈரக் கைலி. நம்ம ஊர்ப் பேச்சு! வாசிமுக்கு உயிரே வந்தது. சலாம் சொன்னான். பதில் சலாம் வரவில்லை… அதை அந்தப் பாவி கவனித்திருக்க வேண்டாமா?

"லெப்பைக்குடிகாடுங்க. நீங்க?"

"அந்தப் பக்கந்தான். போயி ரொம்ப நாளாச்சு… யாரும் கூப்புடல."

இருட்டிவிட்டது. கிளம்பும்போது நாம் எல்லோரும் வாய்க்கு வந்தபடி சொல்வதைத்தான் அவனும் சொன்னான். "ஊருக்கு வந்தா அவசியம் வூட்டுக்கு வாங்கண்ணே."

அவர் சிரித்தார். "வரேன்."

கார் பாதி மலைகூட ஏறவில்லை… போன். மனைவி ஜன்னத்.

"என்னங்க, வூட்டுக்கு வரச் சொன்னீங்களாமே? ஒரு அண்ணன் வந்திருக்காரு."

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கையில் சாமான் கொடுத்தனுப்புவது அந்த ஊரில் வழக்கம். அந்த நினைப்பில்தான் கதவைத் திறந்திருக்கிறாள்.

"தண்ணி கேட்டாரு. கொடத்தையே காலி பண்ணிட்டாரு… சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்காரு, இங்க மழையே இல்லீங்க."

"புள்ள எங்க?" வாசிம் காரை நிறுத்திவிட்டான்.

"அவரு மடியிலதான்…"

பிறகு போனில் அவள் குரல் இல்லை. அலைச் சத்தம். ஸ்ஸ்… ஸ்ஸ்…

அலறியடித்து ஊர் வந்து சேர்ந்தான். குழந்தை பத்திரமாகத்தான் இருந்தாள். அந்த ஆள் போனதை ஜன்னத் பார்க்கவில்லை. சிமெண்ட் தரையில் மட்டும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

வாசிம் அப்புறம் ஓமனுக்குப் போகவில்லை. யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு முதலில் வந்த பேச்சு அம்மாவும் இல்லை, அத்தாவும் இல்லை. பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு கேட்டதும், சாத்திய கதவைப் பார்த்துக் கையை நீட்டுகிறாளாம்…

"வாங்க."