கம்பத்தை விட்டு நகராதீங்க

அன்றிரவு இருந்தவர்கள் நான்கு பேர். பனி வாரும் வண்டி ஓட்டும் ரெனே. அதே வண்டியில் உப்பு தூவும் இத்ரிஸ். ரோந்து வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரமே ஆன நதேஜ். நான்காவது ஆள் மிரேய். முப்பத்தைந்து வருஷம் சாலையோரத் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வெறும் குரலாக இருந்தவள். அடுத்த மாதம் ஓய்வு.

மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம். அவலோன் ஊருக்கு வெளியே, பெருஞ்சாலைப் பணிமனை. சன்னலுக்கு அப்பால் பாரிசிலிருந்து லியோனுக்குப் போகும் சாலை... ஒரு வண்டி இல்லை. பனி விழுந்துகொண்டிருந்தது. உத்தரவு வந்தால் கிளம்ப வேண்டும். வரவில்லை.

"அந்தப் பாலாடைக்கட்டிய மூடு ரெனே. செத்த எலி நாத்தம்," என்றான் இத்ரிஸ்.

"மூக்குன்னு ஒண்ணு இருந்தா அருமை தெரியும்."

"இருக்குய்யா. அதான் பிரச்சினையே."

நதேஜ் சிரித்தாள். "சாலையோரத்துல அந்த ஆரஞ்சுக் கம்பத்தையெல்லாம் ஏன் பிடுங்கறாங்க?"

"எல்லார் பையிலயும் போன் இருக்கு," என்றான் இத்ரிஸ். " போன் கம்பம் எதுக்கு? இன்னிக்கு ஆறு பிடுங்கினேன். கொட்டகைல கிடக்கு."

ரெனே கத்தியைக் கீழே வைத்தான். "இருநூத்திப் பதினாலாம் நம்பரும் சேர்த்தா?"

"மத்தியானமே. ஏன்?"

"அப்ப அதோட கதையைச் சொல்லலாம். விளக்கைக் குறை."

மிரேய் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது ரெனேயின் அக்கா புருஷன் ஃபெர்னானுக்கு. அவனும் ரோந்துக்காரன். இதே போல ஜனவரி. இதே மூன்று மணி. மூடுபனி... மஞ்சள் வண்டியின் முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. 214-ஆம் கம்பத்தருகே ஒரு பெண். பழுப்புக் கம்பளி மேல்கோட்டு. ஒரு காலணியில் குதிகால் உடைந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். காதில் ரிசீவர். பக்கத்தில் கார் எதுவும் இல்லை.

ஃபெர்னான் இறங்கினான். முதலில் வாசனை... நனைந்த கம்பளி. பிறகு சத்தம். ரிசீவருக்குள் டிக்... டிக்... டிக்.

"வேலிக்கு அந்தப் பக்கம் போங்க மதாம்," என்றான்.

அவள் தலையாட்டவில்லை. "வண்டி கிளம்பிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான் வண்டி. ஏறுங்க."

"இல்ல. கம்பத்தை விட்டு நகராதீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

அவன் கையை நீட்டினான். கையில் ஈரம் மட்டும் ஒட்டியது. ரிசீவர் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது...

"பிறகு ஃபெர்னான் ராத்திரி வேலையே பார்க்கல. சுங்கச் சாவடிக்கு மாத்திக்கிட்டான். அங்க மெஷின் வந்ததும் வீட்டுக்குப் போயிட்டான்," என்றான் ரெனே.

வெப்பக் குழாய் ஒருமுறை முனகியது.

"அந்தப் பொண்ணுன்னா யாரு?" என்று நதேஜ் கேட்டாள்.

"அவ கூப்பிட்டப்ப போன் எடுத்தவ. எவளோ ஒரு முட்டாள். சாலையோரத்துல நிக்கச் சொல்லிட்டு வண்டிய வேற எங்கயோ அனுப்பிட்டா. அந்த முட்டாளும் இந்நேரம் செத்திருப்பா."

மிரேய் காப்பியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

அந்த முட்டாளுக்கு அப்போது இருபத்தொரு வயது. சாலையைத் துண்டு துண்டாகத்தான் போட்டார்கள். ஒவ்வொரு துண்டு திறக்கும்போதும் கொடி, வாத்தியம், அமைச்சர், கத்தரிக்கோல். துண்டுகளைச் சேர்த்தபோது கிலோமீட்டர் கணக்கும் அதோடு கம்பங்களின் எண்ணும் பதினொன்று நகர்ந்தன. பழைய 203 புதிய 214 ஆனது. கம்பங்களில் தகடு மாற்ற ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மாற்றாத கம்பங்களின் பட்டியல் அவள் மேசையில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தக் கம்பத்திலிருந்து அழைப்பு என்று காட்ட மேசையில் விளக்கெல்லாம் கிடையாது. அழைப்பவர் தகட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும். அந்தப் பெண் படித்தாள்: இருநூற்று மூன்று. மிரேய் பட்டியலைப் பார்க்கவில்லை. தூக்கக் கலக்கம். புதிய 203-க்கு வண்டியை அனுப்பினாள். பதினொரு கிலோமீட்டர் தள்ளி.

"கம்பத்தை விட்டு நகராதீங்க. அப்பத்தான் எங்காளு உங்களைக் கண்டுபிடிப்பான்." அன்றைக்கு அதுதான் விதி. ஓரத்தில் வேலி என்பதே அப்போது இல்லை. செத்தவர்களை எண்ணிப் பார்த்த பிறகு வந்தது வேலி.

நாற்பது நிமிடம் அந்தப் பெண் நின்றாள். இரண்டு முறை திரும்ப அழைத்தாள். "கிளம்பிடுச்சா?" "கிளம்பிடுச்சு மதாம், நில்லுங்க." மூன்றாவது முறை பேச்சு இல்லை. லாரியின் பிரேக். அப்புறம் ரிசீவர் கம்பத்தில் இடிக்கும் சத்தம்... டிக்... டிக்.

விசாரணையில் தகட்டைக் குற்றம் சொன்னார்கள். பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மிரேயும் சொல்லவில்லை. கணவனிடம்கூட. செய்தித்தாளில் பெயர் வந்தது. கோலெத் வாஷே, வயது முப்பத்தொன்று, தையல் ஆசிரியை.

வேலி வந்த நாளிலிருந்து எந்த அழைப்பை எடுத்தாலும் மிரேயின் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: வேலிக்கு அந்தப் பக்கம் போங்க. பெயர் கேட்பதெல்லாம் பிறகு.

"பாவம்," என்றாள் நதேஜ். "கம்பத்தையும் பிடுங்கியாச்சு. இனி எங்க போய் நிப்பா?"

"ஏய், என்னைப் பார்க்காத," என்றான் இத்ரிஸ். "எனக்கு மேல சொன்னாங்க, பிடுங்கினேன்."

மிரேய் எழுந்தாள்.

"பயமா?" என்று ரெனே சீண்டினான். "கிளம்பறதுக்குள்ள வந்துரு."

"சிகரெட்," என்றாள். ஆணியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

முற்றத்தில் பனி கணுக்கால் உயரம். தன் காலடிதான் முதல் தடம் என்று நினைத்தாள்... இல்லை. சாலைப் பக்கத்திலிருந்து இன்னொரு வரிசை வந்திருந்தது. சின்னக் கால். ஒரு தடத்தில் குதிகால் இருந்தது. அடுத்ததில் இல்லை. பிறகு இருந்தது. பிறகு இல்லை. புதுத் தடம். விளிம்பில்கூடப் பனி நிரம்பவில்லை.

214 இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். மத்தியானத்திலிருந்து கம்பத்தின் பின்னாலேயே நடந்திருக்க வேண்டும்.

கம்பத்தை விட்டு நகராமல்.

தடங்கள் கொட்டகைக் கதவு வரை போயின. திரும்பவில்லை. கதவு பூட்டியிருந்தது. உள்ளிருந்து நனைந்த கம்பளி வாசம்.

மிரேய் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். இருட்டில் ஆறு கம்பங்கள் படுத்துக் கிடந்தன. ஆறாவதின் பக்கத்தில், ஒரு பக்கம் சாய்ந்து...

"வண்டி கிளம்பிடுச்சா?"

முப்பத்தைந்து வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"இல்ல கோலெத்," என்றாள். "வண்டி வராது. தப்பான இடத்துக்கு அனுப்பிட்டேன். பட்டியல் மேசையிலயே இருந்துச்சு. நான் பார்க்கல."

டிக்... டிக்...

"நீங்க இனிமே நிக்க வேண்டாம். நான் நிக்கிறேன்."

சத்தம் நின்றது. மிரேயை உரசிக்கொண்டு ஏதோ ஈரமாக வெளியே போனது.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு இரண்டு சுற்று திரும்பியது. சாவி மிரேயின் கையில் இருந்தது.