மூன்றாவது பொட்டலம்

புளி தட்டுகிறவர்களின் உள்ளங்கையில் காசு நன்றாக ஒட்டும். மாசியும் பங்குனியும் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து உட்கார்ந்திருந்தால், எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஒரு பிசுபிசுப்பு மட்டும் போகாது. செல்ஃபோனில் மேஜிக் சொல்லித் தருகிற ஆள், கை காய்ந்திருந்தால் காசு நழுவும், லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள் என்பார். எனக்கு அது தேவைப்படவில்லை.

மேடம், இதை நானே எழுதுகிறேன். ஜமுனாமரத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை படித்திருக்கிறேன். வாயால் சொல்லச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் எங்கெங்கோ போய்விடுவேன். என் பெயர் சசிகலா, வயது நாற்பத்து மூன்று. புதூர்நாட்டுப் பக்கம் முப்பது வீடு உள்ள ஊர். கணவர் தங்கவேல். மகன் நவீன்குமாருக்கு இருபத்து நான்கு. மகள் ரம்யாவுக்கு இருபது. சென்ற ஐப்பசியில் அவள் இறந்துபோனாள். யாரும் என் மேல் புகார் கொடுக்கவில்லை. நானாகத்தான் காலை ஜீப் பிடித்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நவீனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் மலையை விட்டுக் கீழே இறங்கி ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பான். முதலில் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தவன், போகப் போகக் கூரையையே பார்த்துக் கிடந்தான். ஒரு நாள் முகத்தை என் பக்கம் திருப்பாமலே, "போதும்மா, வுட்டுடு" என்றான். அன்று வீடு வந்து சேர்ந்ததும் செல்ஃபோனை எடுத்து, சுலபமான மேஜிக் என்று தேடினேன். எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. ஐந்து ரூபாய்க் காசைக் கட்டைவிரல் மேட்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கை சும்மா இருப்பதுபோல் காட்ட வேண்டும். என் கை கொடுவாளும் களைக்கொத்தும் பிடித்த கை. விரல்கள் மரக்கட்டையாக விறைத்து நின்றன. காசு வார்டெல்லாம் உருண்டது. ஒரு முறை பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நர்ஸம்மா குனிந்து எடுத்து, "இன்னாக்கா, காச இறைக்கிற அளவுக்கு வசதி வந்துட்ச்சா" என்று கேட்டார். நவீன் சிரித்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு சிரித்தான். அதற்கப்புறம் நான் ஒரு நாளும் விடவில்லை. சோறு வடிக்கும்போது ஒரு காசு, ஆட்டைப் பிடித்துக்கட்டும்போது ஒரு காசு, எந்நேரமும் கையில் இருந்தது.

வீட்டில் என்னைச் சோதித்துப் பார்ப்பது ரம்யாவின் வேலை. சாமை அரைக்கிற மில்லில் வேலை முடிந்து வந்ததும் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அவளை ஒரு தடவைகூட ஏமாற்ற முடிந்ததில்லை. ஆனால் அண்ணன் பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டாள். காசு எந்தக் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கையைப் பார்க்காமல் வேறெங்காவது பார்ப்பாள். கதவு, கூரை, வெளியே நிற்கிற மரம், ஏதாவது. அவள் கண்ணை வைத்து அண்ணன் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா. பிறகு அவன் இல்லாத நேரத்தில் என்னிடம் வந்து, "எம்மா, சுண்டுவெரல் தனியா நிக்குது, மடக்கிக்கோ" என்று திருத்துவாள். நல்ல பெண். அவளைப் பற்றி நான் குறையாக ஒன்றும் எழுத மாட்டேன்.

ஒரு வருடத்தில் காசிலிருந்து மற்றப் பொருட்களுக்கு வந்துவிட்டேன். எலுமிச்சம்பழம், தீப்பெட்டி, சுருட்டிய தாள். ஒன்றை எடுப்பதுபோல் எடுத்து, உள்ளங்கையில் ஏற்கெனவே இருப்பதை விரல் நுனிக்குத் தள்ள வேண்டும். மாற்றுவது என்பார்கள். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

அப்போதுதான் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். யாராவது ஒருவர் சிறுநீரகம் கொடுத்தால் பையன் பிழைப்பான், இப்படியே போனால் நாள் கணக்குத்தான் என்றார். என் கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் ஆகாது. எனக்கும் ரம்யாவுக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். இரண்டு பேருடையதும் பொருந்தியது. அம்மா கொடுப்பதுதான் முறை, இவள் கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜீப்பில் மலை ஏறும்போதே யோசித்துப் பார்த்தேன். நான் படுத்துவிட்டால் நவீனை யார் பார்ப்பது. எந்த மாத்திரை எப்போது என்று எனக்குத்தான் தெரியும். அவன் அப்பாவுக்குத் தன் மாத்திரையே நினைவிருக்காது. ரம்யாவுக்கு இளம் உடம்பு, சீக்கிரம் தேறிவிடுவாள். இதில் எதுவும் தவறான கணக்கு இல்லை. இதை அப்படியே வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் பெற்றவள் தன் வாயால் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு காரியத்தில் மனசு இரண்டாக நின்றால் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில். இரண்டையும் நெல்லிக்காய் அளவுக்கு ஒரே மாதிரி மடித்து, நார் சுற்றிக் கல்லின்மேல் போடுவார்கள். கல்யாணமாகாத ஒரு பெண் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். அவள் எடுத்ததுதான் சாமி சொன்னது. அப்புறம் மற்றதையும் பிரித்து எல்லோருக்கும் காட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே பூவை வைத்து ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வழக்கம். இதில் வந்த முடிவை எங்கள் பக்கத்தில் யாரும் மீறியதில்லை. நிலத் தகராறுகூட இப்படித்தான் தீர்ந்திருக்கிறது.

வெள்ளை எனக்கு, சிவப்பு ரம்யாவுக்கு என்று பூசாரி சின்னதம்பி சொன்னார். அவருக்குக் கண் மங்கல். பொட்டலம் மடிக்கிற வேலையை வழக்கமாகப் பெண்கள்தான் செய்வோம், அன்றைக்கு நான் செய்தேன். மூன்று மடித்தேன். சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று. சிவப்பு இரண்டும் கல்லுக்குப் போயின. வெள்ளை என் உள்ளங்கையில் இருந்தது. சித்திரை மாதம், புளி வேலை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பிசுபிசுப்பு போதுமானதாக இருந்தது.

ரம்யாவே வந்து எடுத்தாள். பிரித்தாள், சிவப்பு. பக்கத்தில் நின்ற செல்லியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் குனிந்து, கல்லில் கிடந்ததை எடுத்து, மாற்றி, விரல் நுனியில் பிரித்து வெள்ளையைக் காட்டினேன். சுண்டுவிரலை மடக்கியிருந்தேன். ஊரே பார்த்தது. நவீன் வேண்டாம் என்று அழுதான், தங்கச்சி உடம்பைக் கிழித்து நான் பிழைக்க வேண்டாம் என்றான். ரம்யா அவன் தோளைத் தொட்டு, "சாமி சொன்னப்புறம் இன்னாண்ணா பேச்சு" என்றாள். அதோடு முடிந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று பேர் கொண்ட குழு அவளை விசாரித்தது. யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள், "யாரும் சொல்லல சார். எங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னா பயம். நானா தர்றேன்" என்றாள். பூ எடுத்ததைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டிருப்பாள்.

ஆனியில் ஆபரேஷன் நடந்தது. நவீன் உடம்பில் அது அன்றைக்கே வேலை செய்யத் தொடங்கியது. புரட்டாசியில் நாங்கள் மலைக்குத் திரும்பினோம். அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். நவீன் பக்கத்தில் காய்ச்சல் உள்ள யாரையும் விடக் கூடாது. ரம்யாவுக்கு ஒரே சிறுநீரகம் என்பதால் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே அழைத்து வர வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை ரம்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது, முதுகு வலிக்கிறது என்றாள். நடுக்கம் இருந்தது. நான் முதல் விஷயத்தைச் செய்தேன். சாமைக் காவலுக்குப் போட்டிருந்த காட்டுக் கொட்டாயில் பாய் விரித்து, இரண்டு போர்வையும் வீட்டில் இருந்த காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து அவளை அங்கே படுக்க வைத்தேன். கட்டாயப்படுத்தவில்லை. கஞ்சி கொண்டுபோனபோது அவளே உள்ளே இருந்து, "உள்ள வராதம்மா, அண்ணனுக்கு ஒட்டிக்கும். அங்கியே வெச்சிட்டுப் போ" என்றாள். வாசலில் கிடந்த கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டால் யாராவது கூடப் போக வேண்டும். நான் போனால் நவீனுக்கு எட்டு மணி மாத்திரை யார் கொடுப்பது. போய்விட்டு வந்தால் அங்கே இருக்கிற நோயெல்லாம் என் சேலையோடு வீட்டுக்குள் வரும். சனிக்கிழமை நவீனுக்குச் செக்கப் இருந்தது, ஜீப்பும் சொல்லி வைத்திருந்தது. அவளையும் அதிலேயே முன்னால் உட்கார வைத்து அழைத்துப் போகலாம் என்று இருந்தேன். நான்கு நாள்தானே. புதன்கிழமை கஞ்சி குடித்திருந்தாள். வியாழக்கிழமை பாதி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வியாழன் இரவு வைத்த கஞ்சி கல்லின்மேல் அப்படியே இருந்தது. மழைத்தண்ணீர் விழுந்து வழிந்திருந்தது. அப்போதுதான் உள்ளே போனேன்.

இதுவரை எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டேன். எனக்குப் பயம். பதினைந்து வயதில் என் அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன், திரும்பி வந்தது துணியில் சுற்றி வந்தது. நான் சாக விரும்பவில்லை. நவீனும் சாகக் கூடாது, நானும் சாகக் கூடாது. மீதி இருந்தது ரம்யா.

இப்போது வந்த காரணம் இதுதான். ஆறு நாளாக நவீன் மாத்திரை சாப்பிடுவதில்லை. சாமி தங்கச்சியைத் தின்றுவிட்டு அந்த மிச்சத்தை எனக்குக் கொடுத்திருக்கிறது, அது எனக்கு வேண்டாம் என்கிறான். இன்னும் சில நாள் விட்டால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். காசை எடுத்து அவன் காதுக்குப் பின்னால் கொண்டுபோனேன், கையைத் தட்டிவிட்டான். அது போனால் ரம்யா செத்ததும் வீண். எனக்கு வேறு வழி தெரியவில்லை மேடம்.

அதனால் இந்தத் தாளை அவனிடம் படித்துக் காட்டுங்கள். சாமி எதுவும் சொல்லவில்லை, எல்லாம் அம்மாவின் கைதான் என்று சொல்லுங்கள். என்னை வெறுக்கட்டும். ஜெயிலுக்கு வந்து என் முகத்தில் காறித் துப்பட்டும், அதற்கு அவன் உயிரோடு இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு இரண்டு, இரவு எட்டு மணிக்கு இரண்டு. நீல டப்பாவில் இருக்கிறது. படித்து முடித்த கையோடு கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். ரம்யாவுக்கு எதுவும் தெரியாது. அவள் சாமி கேட்டதாக நினைத்துத்தான் கொடுத்தாள், மனநிறைவோடு போனாள். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்றைக்குக் கோயிலில் நான் இரண்டாவது பொட்டலத்துக்குக் குனிந்தபோது முதலில் அவளைத்தான் பார்த்தேன், கண்டுபிடித்தால் அவள்தான் கண்டுபிடிப்பாள். சுற்றி நின்ற எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடப் பழக்கத்தில் அவளை நான் ஏமாற்றியது அந்த ஒரு முறைதான்.