குரல் குறைந்த பாட்டு

நீர்வேலியில் வாழைக்குலை ஏற்ற யாழ்ப்பாண பஸ் நின்றது. எனக்கு முன் சீற்றில் ஒரு இளம் தம்பதி. அவளுடைய பயணப் பை அவன் மடியில் இருந்தது. போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அவள் இயர்போனைக் கழற்றினாள்.

"என்ரை குரல் எங்கையப்பா போட்டுது?"

"ஏன், பாட்டிலை இருக்குத்தானே?"

"உங்கடை கீபோட்தான் கேக்குது. நான் எங்கையோ கிணத்தடியிலை நிண்டு பாடுறமாதிரி இருக்கு."

அவன் வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டான்.

"ஓமப்பா. நேற்று வீட்டிலை ஸ்பீக்கரிலை போட்டு மிக்ஸ் பண்ணேக்கை உம்மடை குரல் நல்லா எடுப்பாய் இருந்ததே!"

"அப்ப நானும் சேர்ந்து பாடிக்கொண்டெல்லோ குசினியுக்கை புட்டு அவிச்சனான்!"

இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் புறப்பட்டது.

"மட்டக்களப்பிலை நான் படிப்பிக்கப்போற புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டவேணும். குரலைக் கூட்டிப்போட்டு அனுப்புங்கோ."

"எவ்வளவு கூட்டுறது?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்."

அவன் பையை இறுக்கிப் பிடித்தான்.

"உம்மை மட்டக்களப்பு பஸ்ஸிலை ஏத்திவிட்டிட்டு, இண்டைக்குப் பின்னேரம் தனிய இருந்து கேட்டுப் பாக்கிறன். நீர் இல்லாத வீட்டிலைதான் எவ்வளவு குறையுதெண்டு விளங்கும்."